திருப்பிப் போட்ட மலை

அக்கா புருஷனின் ஸ்டூடியோவில் பகலெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவள், பொழுது சாய்ந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவாள். வெயில் இறங்கி மலை நீலமாகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். போன வருடம் அப்படி எடுத்த படத்தை, கூச்சநாச்சமே இல்லாமல் தன் பெயரில் கண்காட்சிக்கு அனுப்பிப் பரிசு வாங்கிவிட்டார் மாமா. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷர்!

"குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் படம், என் படம்?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் மறக்கவில்லை.

இந்த வருடமும் கம்ப்யூட்டரைத் துழாவுவார் என்று தெரிந்தே, புதுப் படத்தை இடம் வலமாகத் திருப்பி, அவர் கண்ணில் படும்படி வைத்தாள். நினைத்தபடியே, சரியாகக்கூடப் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு போனார்.

கண்காட்சியில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார். தினமும் வாசலில் நின்று அந்த மலையைப் பார்க்கிற ஊர் அது. பால்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "என்னங்க, உடைஞ்ச உச்சி வலப்பக்கம்தானே இருக்கும்? இங்க இடப்பக்கம் போயிருச்சே!" கூடம் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கூட்டத்தில் நின்றவளைப் பார்த்தார். "நீயாவது சொல்லேம்மா!"

"நான் என்னத்தச் சொல்ல? எடுத்தது நீங்கதானே மாமா? எங்க நின்னு எடுத்தீங்கன்னு எல்லாருக்கும் காட்டுங்க. வாங்க, மேட்டுக்கு ஏறுவோம். பொழுது சாயப்போகுது."