தோழன் செம்பைக் கீழே வைத்தபோது

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், உரும்பிராயில் என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. எங்களுக்கு மணமாகி அப்போது ஐந்து வருடம். பிள்ளை இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இப்போது உயிரியல் படிப்பிக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அதனால் பரிசோதனைகளுக்கும் நானே முன்நின்றேன். என்னில் குறை எதுவும் இல்லை. அவருடைய விந்தணுக்களின் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது. காரணம் தெரியவில்லை என்றார்கள். நான் விடாமல் கேட்டதால் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். அவருடைய உடம்பின் எதிர்ப்புப் பொருள்களே விந்தணுக்களை அந்நியக் கிருமி என்று நினைத்து அவற்றில் ஒட்டிக்கொள்கின்றனவாம்; அதனால் அவை முட்டையைச் சேர முடிவதில்லையாம். பள்ளி நாளில் உதைபந்தாட்டத்தில் விரையில் பட்ட அடியால் வந்திருக்கலாம் என்றார் டொக்டர். உறுதியாகச் சொல்லவில்லை.

எங்கள் இருவரைத் தவிர வீட்டில் ஒருவரிடமும் நான் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. அவருக்குத் தலைகுனிவு வேண்டாம், ஊர்ப்பேச்சை நானே தாங்கிக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவ என் கணவர் செம்புத் தண்ணீரோடு நின்றார். நான் ஆராத்தித் தட்டை எடுத்தேன். அவரின் பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

“நீ விடு பிள்ளை. பிள்ளை பெத்தவை எடுக்கட்டும். நல்ல காரியமெல்லே.”

தட்டை அவரிடம் கொடுத்தேன். என் கணவர் செம்பைக் கீழே வைத்தார்.

“அப்ப நானும் விலகிறன், பெரியம்மா. டொக்டர் குறை சொன்னது என்னிலைதான். அவவிலை ஒண்டுமில்லை.”

பெரியம்மா குரலைத் தணித்தார். “இதையேனடா சபையிலை கதைக்கிறாய்?”

“சபையிலைதானே அவவை மறிச்சனீங்கள்.”

வெயிலில் வெறுங்காலோடு நின்ற மாப்பிள்ளை, “மச்சான், ஆரெண்டாலும் கெதியா எடுங்கோ, கால் சுடுது” என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். அதுவரை ஒதுங்கி நின்ற என் மாமி, அவரின் அம்மா, தன் தமக்கையான பெரியம்மாவிடமிருந்து தட்டை வாங்கி என் கையில் தந்தார்.

நான் மறைத்தது அவருக்காகத்தான். ஆனால் மறைத்த நாளெல்லாம் அது வெட்கப்படவேண்டிய விஷயம் என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன் என்பது அந்த வாசலில்தான் உறைத்தது.

வைத்தியம் இன்னும் நடக்கிறது. பிள்ளை கிடைக்குமோ தெரியாது. ஆனால் அந்தக் கவலையை இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து, தலை நிமிர்ந்தபடியே சுமக்கிறோம்.