தழை மட்டும் எனக்கு

லாரி பாடி கட்டும் பட்டறைக்கு மரம் வாங்க, நாமக்கல் பக்கத்தில் ஒரு சோளக்காட்டுக்குப் போயிருந்தேன். காட்டுக்காரம்மா ஒல்லியாக, தலையில் துண்டோடு நின்றார். பேசும்போதெல்லாம் குனிந்து மண்ணை அள்ளி விரல்களால் நசுக்கிக்கொண்டே இருந்தார். வரப்பிலிருந்த வாகை மரம் மின்கம்பியில் உரசியதால் வெட்டியே ஆகவேண்டிய நிலை.

“நிழல்ல சோளம் வராதுங்களே, மரம் போனா நல்லதுதானுங்களே?” என்றேன்.

“அடியில வராதுங்க. ஆனா சுத்தியும் தழை விழுந்து மக்குற எடத்துல மண்ணு பொலபொலன்னு இருக்குது. வெள்ளாமை அங்கதானுங்க. மரத்த எடுத்துக்கங்க சாமி, தழை மட்டும் எனக்கு.”

எங்கள் ஆட்கள் அவசரப்பட்டார்கள். அவரோ ஒவ்வொரு கிளையிலும் தழையை உருவிய பிறகே ஏற்றவிட்டார். லாரி கிளம்பியபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தழையை நிலத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் தழைக்கு எங்கே போயிருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.