ரசத்துக்கு நின்ற மோட்டார் வண்டிகள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத உட்கார்ந்தால் ஒன்று வளவளவென்று நீண்டுவிடும், இல்லையென்றால் பாதியில் நின்றுபோகும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் லைனை ஒட்டின வரிசை வீட்டில் இருந்தோம். என் தாய்மாமா எங்களோடுதான் இருந்தார். ஒரு அரிசி மில் முதலாளியிடம் அவருக்கு மோட்டார் டிரைவர் வேலை. முதலாளியும் தமிழ்க்காரர்தான். மீசைக்கு எண்ணெய் போடுகிற நேரத்தில் பாதிகூட மில்லில் இருக்க மாட்டார் என்று அம்மா சொல்லுவாள்.

மாமாவுக்கு மாவ்பியில் ஒரு பெண் மேல் ஆசை. அங்கே பால்மாடு வைத்து, ரயிலில் ரங்கூனுக்குப் பால் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் மகள். அம்மா இரண்டு தடவை போய்ப் பெண் கேட்டாள். பால்காரர் இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார்.

"உங்க தம்பி நல்ல புள்ளதாம்மா. ஆனா ஒரு எடத்துல நிக்காத காலு. மோட்டார்க்காரனுக்குக் குடுத்தா எம் பொண்ணு வாசலப் பாத்துக்கிட்டே கெழவியாயிருவா."

மாமா அன்று ராத்திரி சோறு தின்னவில்லை. மறுநாள் இரண்டு ஆள் சோறு தின்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெல்ஜியத்துக் கதை வந்தது. கப்பலில் வந்த இங்கிலீஷ் பேப்பரில் முதலாளி படித்து மாமாவுக்குச் சொல்ல, மாமா அடுப்படியில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார். அந்த ஊரில் பெரிய மோட்டார் பந்தயம் நடந்ததாம். எதிராளி வண்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட, ஒரே கம்பெனி வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். இது ஒரு பந்தயமா என்று சனங்கள் ஊளையிட, அந்தக் கம்பெனி மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டதாம். நடுப் பந்தயத்தில் மேஜை போட்டு, ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, நிதானமாகச் சாப்பிட வைத்தாராம். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை ஆட்கள் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்களாம். அப்புறம் ஏறிப்போய் ஜெயித்தும் விட்டார்களாம்.

"யாரு ஆக்கிப்போட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"அது பேப்பர்ல போடலக்கா."

"அதப் போடாம என்னத்த பேப்பரு? சரி, என்ன கொழம்பு?"

"அக்கா, அது பந்தயம்."

"பந்தயந்தான், இல்லேங்கல. வெறும் வயித்தோடயா ஓட்டுனான்? நீதான் சாப்பாட்டுக் கதை சொன்ன."

கொஞ்ச நாளில் ரங்கூனிலும் ஒரு பந்தயம் வந்தது. மோட்டார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் நாலு பேர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. ஒருவர் நம் முதலாளி. ஒருவர் லான்மடாவில் கடை வைத்திருந்த சீனர். ஒருவர் பர்மாக்கார டாக்டர். இன்னொருவர் மரக் கம்பெனி துரை. ரங்கூனிலிருந்து மாவ்பி போய், ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஆலமரத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். டிரைவர் வைத்தும் ஓட்டலாம்.

பெல்ஜியத்துக்காரன் செய்ததை நானும் செய்கிறேன் என்று முதலாளி கிளம்பினார். அவர் வண்டி அவ்வளவு முன்னால் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. மாமாதான் யோசனை சொன்னார். ஆலமரத்தைத் தாண்டினதும் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது, பால்காரர் வீடு, அங்கே இலை போடச் சொல்லலாம் என்று. முதலாளியோடு சரிசமமாகத் தான் உட்கார்ந்திருப்பதைப் பெண்ணின் அப்பா பார்த்தால் மனது மாறும் என்பது மாமாவின் கணக்கு.

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடுகிற சாப்பாடு என்றுதான் சொல்லி அனுப்பியது. ஆனால் மில் முதலாளி வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்றால் பால்காரர் சும்மா இருப்பாரா? சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். அம்மாவும் நானும் முதல் நாளே ரயிலில் போனோம். சாம்பார், கோழிக் குழம்பு, ரசம், மோர், பாயசம். வாசலில் பந்தல். தரையில் பாய் விரித்து நீளமாகப் பந்தி. இலையில் உப்பு வைக்கிற வேலை எனக்கு.

மாமா ஓட்டி வந்த எங்கள் முதலாளி வண்டிதான் முதலில் வந்தது. தூசியில் முதலாளியின் மீசை செம்மண் நிறமாக இருந்தது. அவரைப் பந்தியின் தலைமாட்டில், பால்காரரின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதலாளியை ஒட்டி மாமாவுக்கு இலை. அந்தப் பெரியவருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. ஒவ்வொரு கவளத்தையும் மாவு மாதிரி பிசைந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பந்தியில் மூத்தவர் கை கழுவுமுன் மற்றவர்கள் எழுந்திருப்பது நம்மிடையே இல்லை. அது மாமாவுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். பெரியவர் இருப்பார் என்பதுதான் இரண்டு பேருக்கும் தெரியாது.

சாம்பார் சாதம் முடியுமுன் சீனருடைய வண்டி ஆலமரத்தைச் சுற்றி வந்தது. கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். அவருக்குக் கடைத் தமிழ் வரும்.

"ன்னா? வண்டி ஒடஞ்சி போச்சா?"

"சாப்பிடறாங்க. வாங்க, எலை போட்டாச்சு" என்றார் பால்காரர்.

"ரேசு, ரேசு!"

"ரேசு எங்க போகுது? சோறுல்ல ஆறிப்போகும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டார். நான் உப்பு வைத்தேன். அடுத்து டாக்டர். பால்காரர் ரோட்டிலேயே போய் நின்று, "சயா, லாபா! தமின் சாபா!" என்று பர்மா பாஷையில் சாப்பிட வரச் சொல்லி இரண்டு கையையும் விரித்துக் கூப்பிட்டார். பர்மாக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவரால் எப்படித் தட்ட முடியும்? செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் பாயில் உட்கார்ந்தார்.

கடைசியாகத் துரை வந்தார். பந்தயக்காரர்கள் மூன்று பேரும் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பெல்ஜியத்துப் பேப்பரை அவரும் படித்திருப்பார் போல. இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஸ்பூன் கேட்டார். அத்தை ஒருத்தி குழம்புக் கரண்டியைக் கொடுத்தாள். அதை வைத்தே அவர் சாப்பிட்டார்.

இதற்கிடையே, சாப்பிடுகிறபோது வண்டியைத் துடைக்க வேண்டும் என்ற சேதியும் அந்த வீட்டுப் பெண்களுக்குப் போயிருந்தது. துடைப்பதோடு விடுவார்களா? நல்லெண்ணெய் பூசினார்கள். திருநீறு பூசிக் குங்குமம் வைத்தார்கள். முன்னால் சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கையால் பிடித்துத் திருப்புகிற சக்கரத்துக்கும் சேர்த்து எண்ணெய்.

பந்தியில் ரசம் ஊற்றினார்கள். பெரியவர் இரண்டாம் தடவை கேட்டார்.

"டேய், எந்திரிடா" என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க எந்திரிங்க மொதலாளி, பின்னாடியே வர்றேன்."

"நான் எப்பிடிடா எந்திரிக்கிறது? பெரியவரு ஒக்காந்திருக்காரு."

"மொதலாளி, எனக்கும் அவருதான் பெரியவரு."

பெரியவர் முதலாளி பக்கம் திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். முதலாளி ஊரைச் சொன்னார். அந்த ஊரில் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, ரசம் சாதத்தில் கை வைத்தபடி, தூங்கிப்போனார்.

யாரும் அசையவில்லை. ஈ மொய்த்தது. பால்காரர் மோர்ச் செம்போடு மாமாவுக்கு எதிரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. அம்மா என் தோளை அழுத்தினாள், இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

முதலில் எழுந்தது துரை. கரண்டியை இலையில் வைத்துவிட்டு நைசாக நழுவினார். வண்டி உறுமின சத்தம் கேட்டதும் சீனர் குதித்து ஓடினார். டாக்டர் பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். முதலாளியாலும் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு போய் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார்.

மாமா எழுந்திருக்கவில்லை. நீளப் பந்தியில் அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், இந்தப் பக்கம் காலி இலைகள். நடுவில் மாமா, கை காய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு. ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. "வாடா! வேலை வேணுமா வேணாமா?" என்று முதலாளி கத்தினார். மாமாவின் காது சிவந்துபோனது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார்.

ஹாரன் சத்தத்தில் பெரியவர் முழித்தார்.

"என்னடா, மாடு கத்துது?"

"மாடு இல்ல பெரியப்பா. மோட்டாரு."

"கறக்கலியா?" என்று கேட்டுவிட்டு, "மோரு ஊத்து" என்றார்.

மோர் சாதம் முழுதும் சாப்பிட்டார். பாயசத்தை உறிஞ்சிக் குடித்தார். இலையை மடித்தார். அவர் எழுந்த பிறகுதான் மாமா எழுந்தார். கை கழுவப் போனபோது பால்காரரே செம்பை எடுத்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"வர்ற வெள்ளிக்கெழம அக்காவக் கூட்டிக்கிட்டு வா. மோட்டார்ல வேணாம். ரயில்ல வா" என்றார்.

தட்டிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மாமா வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எண்ணெயில் கை வழுக்கி வண்டி மாட்டுக்கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ரோட்டைப் பிடித்தது. முதலாளி மாமாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்? பெல்ஜியத்துக்காரன் மேஜையில் தின்றான், நான் பந்தியில் உட்கார்ந்து தின்றேன் என்று ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. மாமா மில் வேலையிலேயே இருந்தார். ஆனால் மாவ்பிக்குப் போகிறபோதெல்லாம் ரயிலில்தான் போனார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பந்தயத்தில் ஜெயித்தது யார்? எங்கள் வீட்டில் யாருமே அதைக் கேட்கவில்லை. எனக்கும் இதை எழுதும்போதுதான் தோன்றியது. துரைதான் என்று நினைக்கிறேன், டாக்டராகவும் இருக்கலாம். வருஷமும் நிச்சயமில்லை. பழைய பேப்பர் பார்க்க வசதி உள்ளவர்கள் யாராவது பார்த்துச் சரி செய்துவிடுங்கள். ஆலமரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கேயா மேற்கேயா என்பதையும் மாவ்பிக்காரர்கள் யாராவது சொன்னால் நல்லது.