காப்பு கட்டிய கையும் எங்கள் டாக்டரம்மாவும்

போன வருஷம் ஆடி மாதம், மூன்றாம் செவ்வாய்க்கிழமை. பகல் பதினோரு மணிக்கு, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்தது.

கடித்தது கணுக்காலில். அரை மணி நேரத்தில் முழங்கால் வரை வீங்கிவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றால் மனுஷன் அசையவில்லை. தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்தார். சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊரில், காப்பு கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள்.

"காப்பு கட்டிக்கினு எல்லய தாண்ட மாட்டேன்டீ. அம்மா பாத்துக்குவா."

பூசாரி திருநீறு பூசினார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். மறைக்காமல் சொல்கிறேன், நானும் பயந்தேன். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு மணிக்கு அவர் ரத்த வாந்தி எடுத்தார். வீட்டுக்கு எதிரிலிருக்கும் பொன்னியம்மன் கோயிலுக்கு ஓடினேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "உன் காப்பு கட்ன கைதானே அது? அந்தக் கை சாஞ்சா உனக்கு யாரு தீ மிதிப்பா? ஒரு வயி காட்டு. இல்லன்னா என்னையும் சேத்து எடுத்துக்கோ!" படியில் தலையை மோதிக்கொண்டு அழுதேன்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து இறங்கினார். இருபத்தேழு வயசு இருக்கும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். கிராம நர்ஸ் போன் செய்ததும், ஆம்புலன்ஸைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு முந்திக்கொண்டு வந்திருந்தார்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டார். பிறகு பூசாரியிடம், "ஐயா, அம்மாவ வுட்டுட்டு வரச் சொல்லல. கூடவே இட்டுக்கினு போலாம். அவங்க தோள்மேல கீற வேப்பிலைல ஒரு கொத்து குடுங்க," என்றார்.

பூசாரி உள்ளே போனார். வேப்பிலையை எடுத்து வந்து, எதிரே திண்ணையில் கிடந்த என் வீட்டுக்காரர் மடியில் வைத்தார். "போய்ட்டு வாப்பா. அவளே கூட வரா."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையசைத்தார். "காப்ப கயட்ட வேணாண்ணா. ஊசி போட இன்னொரு கை கீதே," என்று டாக்டரம்மா சிரித்தார். வேறு நேரமாக இருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். அன்றைக்குத் தைரியம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். உறைந்திருந்தால் பயமில்லை. சாய்த்தபோது தண்ணீராக ஓடியது. டாக்டரம்மாவே இடது கையில் ஊசி குத்தி விஷமுறிவு மருந்து ஏற்றினார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் டாக்டரம்மாவும் கூட வந்தார். வழியெல்லாம் நாடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் "தாயே, தாயே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் குழாயைச் சாய்த்தார்கள். ரத்தம் அசையவில்லை. "ஒறஞ்சிடுச்சிக்கா!" என்று டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். தை மாதம், வேலைக்கு வரும் வழியில் டாக்டரம்மாவின் ஸ்கூட்டர்மீது ஜல்லி லாரி மோதியது. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்று நாளும் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயில் படியிலேயே கிடந்தேன். கெஞ்சினேன். ஏசினேன். என் ஆயுசை எடுத்துக்கொள் என்றேன். அம்மன் கேட்கவில்லை. டாக்டரம்மா போய்விட்டார்.

கோயிலுக்குப் போவதை விட்டேன். வீட்டில் விளக்கேற்றுவதையும் விட்டேன்.

பதினாறாம் நாள் நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்துக்குத் துக்கம் கேட்கப் போனோம். டாக்டரம்மாவின் அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாம்பு கட்ச்சவரு நீங்கதானா?" என்றார். பிறகு, "எந்தக் கையில எங்கொயந்த ஊசி போட்டா?" என்று கேட்டார்.

இவர் இடது கையை நீட்டினார். அந்தத் தாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "சூடா கீது," என்றார். "சூடா கீதும்மா," என்று என்னைப் பார்த்து அழுதார்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே கோயிலுக்குப் போய் விழுந்தேன்.

இந்த ஆடியில் காப்பு கட்டும்போது பூசாரி எல்லோரிடமும் உரக்கச் சொன்னார்: "ஒடம்புக்கு இன்னா வந்தாலும் வேப்பிலைய எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவணும். அம்மா உத்தரவு."

சொந்தங்களே, அம்மன் ஏன் டாக்டரம்மாவை உயிரோடு விடவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனால் நான் அழுதபோது ஆள் அனுப்பினாள். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். நீங்களும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் அனுப்பும் ஆள் எந்த உருவில் வந்தாலும் உடனே கிளம்பிப் போங்கள்.

இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்கிற வழக்கம் இல்லை. பூசாரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் நான் டாக்டரம்மா பெயரைச் சொல்கிறேன். பூசாரியும் ஒன்றும் கேட்காமல் அம்மனிடம் சொல்கிறார்.