வேதாசலம் அண்ணனுக்கு நான் வைத்த பெயர்

சென்ற மாதம் தாம்பரம் ரயில் நிலைய வாசலில் கட்சிக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "விசயம் தெரியுமா? உங்க பழைய தோஸ்து வேதாசலம் பூட்டாரு" என்றார். சொல்லிவிட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினார். இரண்டு முறை சட்டமன்றத்துக்குப் போனவர், ஒரு கட்சிக்கே தலைவராக இருந்தவர். அவர் சாவுச் செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

அண்ணனை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். எண்பதுகளில் அவர் வரும்வரை மேடையில் பேசிக் கூட்டத்தைக் கலையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை மேடவாக்கத்தில் இரண்டு மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டி, சொன்ன கதையையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தார். காலெல்லாம் சேறு. கல் உடைக்கும் தொழிலாளி ஒருவரின் பாடைக்குத் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை நடந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கூட்டம் நாளைக்கும் வரும்டா. செத்தவன் ஒரு வாட்டிதான் போறான்" என்றார்.

தொகுதியில் எந்தச் சாவும் அவருக்குச் சின்னதில்லை. சொல்லியனுப்ப வேண்டியதுகூட இல்லை, எப்படியோ தெரிந்துகொண்டு போய்விடுவார்.

பிறகு கட்சி உடைந்தது. அவர் தனிக்கட்சி தொடங்கினார். நான் துணிச்சல் இல்லாதவன், பழைய கட்சியிலேயே ஒட்டிக்கொண்டேன். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்துப் பேச என்னைத்தான் அனுப்பினார்கள். பெருங்களத்தூர் கூட்டத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அவரு எம்.எல்.ஏ. இல்லீங்க, எமனோட பி.ஏ.! அவரு உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னா உள்ள ஒருத்தர் காலின்னு அர்த்தம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. இப்போது இல்லையென்று சொன்னால் அது பொய்.

அண்ணன் தோற்றார். தோற்றவர்கள் எழுந்து வருவதுண்டு. ஊரெல்லாம் பரவிவிட்ட 'எமனோட பி.ஏ.' என்ற அந்தப் பெயர்தான் அவரை எழவிடவில்லை. உடம்புக்கு முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு அவர் போனால் கதவை ஒருக்களித்துக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சாலையோரத்துக் கட்சி அலுவலகத்தில், இருபது நாற்காலிகளுக்கு நடுவே அவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பேருந்திலிருந்து எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் இறங்கிப் போகவில்லை.

என் மனைவி இறந்த அன்று அவர் வந்தார். வீடு நிறையக் கட்சிக்காரர்கள். தெருமுனையில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பினார்: "நான் வரலாமான்னு கேளுங்க. அவனுக்குச் சங்கடம்னா வேணாம்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிணம் கிளம்பியதும் கடைசி ஆளாகச் சுடுகாடு வரை நடந்து வந்தார். எல்லாம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது போய்விட்டிருந்தார். அதன்பிறகும் நான் அவரைத் தேடிப் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வருடங்கள் ஓடிவிட்டன.

எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்த அந்த மனிதரின் இறுதி ஊர்வலத்தில் பதினோரு பேர் இருந்தோம். சுடுகாட்டில் வழக்கப்படி இரங்கல் பேச ஒருவரும் முன்வரவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் என்னிடம் வந்தார்.

"நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க சார். உங்க பேச்சுன்னா அப்பாவுக்கு அவ்வளவு இஷ்டம்."

ஆயிரம் மேடை ஏறியவன் நான். அன்று, "அண்ணனுக்கு அந்தப் பேரை வெச்சவன் நான்தான். அவர் எந்த வீட்டுக்கும் சாவைக் கொண்டுபோனதில்லை. நான் சொன்னது தப்பு, என்னை மன்னிச்சிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் நான் கடைசியாகக் கேட்டது அந்த மன்னிப்புதான். அதைப் பத்துப் பேர் கேட்டார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.