பின்சீட்டிலிருந்து வந்த பதில்

சபையாரே, போன ஜூலையில் என் மனைவி மேரி புற்றுநோயில் இறந்தாள். அன்றிலிருந்து கல்லூரியில் படிக்கும் என் மகள் ரூத் பேசவில்லை. கூப்பிட்டால் வருவாள், தட்டு வைத்தால் சாப்பிடுவாள். ஒரு சொல் வராது. டாக்டர் காத்திருக்கச் சொன்னார். நான் தினமும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என்னைத் திட்டவாவது அவள் வாயைத் திறவும்." மூட்டு வலிதான் வந்தது.

நான் மரக்காணம் உப்பளங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவன். வளரும் நிலக்காட்சி ஓவியர்களுக்கு விழுப்புரத்தில் ஒரு விருது அறிவித்திருந்தார்கள். ஐம்பது தாண்டிய என்னிடம் வளர்வது தொப்பை மட்டும்தான். ஆனாலும், "இந்தத் தடவ வரைஞ்சி குடுத்துடுங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மேரி கேட்டிருந்தாள்.

படம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில்தான் முடித்தேன். வண்ணம் காயவில்லை. முன்பெல்லாம் ஈரப் படத்தைப் பைக்கின் பின்சீட்டில் மேரிதான் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் புடவைகளிலெல்லாம் என் வானம் ஒட்டியிருக்கும்.

திண்டிவனத்தில் பஸ் ஏறினேன்.

"இன்னா சார், பஸ்ஸுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? ஜனங்க மேல ஈஷிக்கும். ஜல்தி எறங்குங்க!" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்குத் திரும்பி, படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதேன். ரூத் வந்து பார்த்தாள். படத்தைத் தூக்கிக்கொண்டு போய் பைக் அருகே நின்றாள். பின்சீட்டில் அவள் படத்தைப் பிடித்துக்கொள்ள, கிளம்பினோம்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு லாரி உரசுவதுபோலப் போனது. காற்று படத்தைக் கப்பல்பாய்போல இழுத்தது. வண்டி ஆடியது.

"யப்பா! மெதுவா போப்பா! அம்மா எப்டிதான் இத்த புட்ச்சிக்கினு வந்துச்சோ!"

ஓரங்கட்டினேன்.

"அம்மா இல்லப்பா" என்றாள். இத்தனை மாதமும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது அதைத்தான். படத்தை நடுவில் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம்.

படத்தின் வானத்தில் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது. விழுப்புரத்தில் விருதுக்கான படங்களை வாங்கி வைத்தவர், "இத்த சரி பண்ணிடுங்க சார்" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

விருது கிடைத்தது. ஒரு வருடத்துக்கான வண்ணமும் வரைவதற்கான துணியும் தந்தார்கள். அதற்கும் ஸ்தோத்திரம். ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

மேரி இல்லாத வீடு அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலங்கள் இன்னும் கனக்கின்றன. ஆனால் இப்போது நாங்கள் அவளைப் பற்றிப் பேசுகிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது துக்கத்தில் வாய்மூடிக் கிடந்தால், விடாமல் ஜெபியுங்கள். ரூத் என்னைத் தினமும் திட்டுகிறாள். நான் கேட்டதற்கு மேலேயே கர்த்தர் கொடுத்திருக்கிறார்.