கிருத்திகைக்கு மூடிய கம்பெனி

தாட்சாயணி சிரித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். மெதுவாகப் பேசினால் அந்த வீட்டில் யாருக்கும் கேட்காது. தினமும் ரயிலேறித் திருப்பதிக்கு வந்து, ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. பாடம் எடுக்கிறாள்.

இந்த ஆண்டு போராடி ஒரு கணினி விளையாட்டை வாங்க வைத்தாள். மாணவர்கள் குழுக்களாகச் சட்டைக் கம்பெனி நடத்த வேண்டும். ஒரு சுற்று என்பது ஒரு மாதம். பாடம் ஏறுகிறது என்று காட்டினால்தான் அடுத்த ஆண்டும் விளையாட்டு இருக்கும். இல்லையென்றால் பழையபடி நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதுதான். அதைப் பார்த்து முடிவு சொல்ல வந்திருந்தார் துறைத்தலைவர் ஹரிபாபு.

திரையில் கடைசி இடத்தில் தரணியின் குழு. தரணியும் நகரிப் பெண்.

“ஏம்மா, இன்னா ஆச்சு?” என்றார் ஹரிபாபு.

“ஆடிக் கிருத்திகைக்குக் கம்பெனிய மூடிட்டோம் சார்.”

“கம்ப்யூட்டர்லயா?”

“ஜூலை ரவுண்டு வந்துச்சு. எங்க ஊர்ல அன்னிக்கு எவன் தறி ஓட்டுவான்? காவடி எடுத்துக்கினு திருத்தணிக்குப் பூடுவாங்க. ஒருநாள் லீவுக்கு அதுல பட்டன் இல்ல. மாசம் பூரா மூடிட்டோம். சரக்கு தீந்து, கஸ்டமரெல்லாம் வேற கம்பெனிக்குப் பூட்டாங்க.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தாட்சாயணிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கண்ணில் இந்தக் குழுதானா முதலில் பட வேண்டும்?

“மறுபடி ஆடினா லீவு விடுவியா?” என்று கேட்டாள்.

“விடுவோம் மேடம். ஜூன்லயே ஓவர்டைம் ஓட்டி, குடோன்ல சரக்கு சேத்து வெச்சிக்கினு மூடுவோம்.”

ஹரிபாபு முதலிடக் குழுவின் பக்கம் திரும்பினார். “நீங்க எப்படிரா ஜெயிச்சீங்க?”

யஸ்வந்த் கழுத்தைச் சொறிந்தான். “தெரில சார். மொத ரவுண்டுல அழுத்தினதையே அழுத்திக்கினு இருந்தோம்.”

“அப்ப யாருக்கும்மா மார்க்கு?” என்றார் தாட்சாயணியிடம்.

எந்த இடமோ அதற்கேற்ற மார்க் என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். வாய் வேறு சொன்னது. “வந்த இடத்துக்கு இல்ல சார். ஏன் அந்த இடம்னு சொல்றவங்களுக்கு.”

ஹரிபாபு யஸ்வந்தின் தோளைத் தட்டி, “ஜருகு, ஜருகு” என்று தெலுங்கில் நகரச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தார். புது ஆட்டம் ஆரம்பித்தார். ஜூனில் ஓவர்டைம் ஓட்டினார். ஜூலையில் கம்பெனியை மூடினார்.

“சார், நீங்களுமா?” என்றாள் தாட்சாயணி.

“நானும் வருசா வருசம் காவடி எடுக்கிறவன்தானே. அடுத்த வருசமும் இது இருக்கட்டும்மா. இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் நல்ல காலண்டரா ஒண்ணு மாட்டிவுடு.”

அப்போதுதான் தாட்சாயணி சிரித்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து முரளி சார் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், எங்க பசங்களையும் இங்கயே அனுப்பிடட்டுமா?”